தாஜ் ஹோட்டல் திரும்பி நிற்கவில்லை

மும்பைக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும், பயணக் காணொளி வெளியிடும் நண்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி மும்பை பார்க்க வரும் குடும்பங்களுக்கு அந்த நகரத்தை முதலில் அறிமுகம் செய்துவைப்பவர்கள் நீங்கள்தான். பாடப்புத்தகம் போய்ச் சேராத இடத்துக்கும் உங்கள் பேச்சு போய்ச் சேருகிறது. கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் குழுவை நிறுத்தி, பக்கத்தில் தெரியும் தாஜ் மகால் பேலஸ் ஹோட்டலைக் கைகாட்டி, பெரும்பாலும் இரண்டு கதைகள் சொல்கிறீர்கள். முதல் கதையில், வாட்சன்ஸ் ஹோட்டலுக்குள் இந்தியருக்கு இடமில்லை என்று ஜாம்செட்ஜி டாடாவைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த அவமானம் பொறுக்காமல் அவர் சபதம் போட்டு இந்த ஹோட்டலைக் கட்டுகிறார். இரண்டாவது கதையில், வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரர் திரும்பி வந்து பார்த்தால், முன்பக்கம் பின்பக்கமாக மாறிக் கட்டப்பட்டிருக்கிறது. மனமுடைந்து அந்தக் கட்டடத்தின் மேலிருந்தே குதித்து உயிரை விடுகிறார். இரண்டும் கேட்கச் சுவையானவை. இரண்டையும் இனி நடந்த வரலாறாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

சுற்றுலாக் கதையில் இத்தனை கறார் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இரண்டு கதைகளும் சும்மா பொழுதைப் போக்கிவிட்டுப் போவதில்லை. முதல் கதை, ஒரு நகரத்தை மனதில் வைத்துச் செய்த காரியத்தை ஒரு தனிமனிதரின் கோபமாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது கதை அதைவிட மோசம்: கட்டியவர்களை வரைபடம் கூடப் பார்க்கத் தெரியாதவர்களாக ஆக்கிவிடுகிறது. உண்மையில் இந்த ஹோட்டலை வடிவமைத்துத் தொடங்கியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். அவர்கள் பெயர் உங்கள் கதையில் வருவதில்லை. இருந்ததாகவே தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் தற்கொலைதான் வருகிறது. தேதிகளையும் கட்டடத்தின் அமைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது கதை நிற்கவே நிற்காது. முதல் கதைக்குப் போதிய ஆதாரம் இல்லை. இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் வரலாறு இரண்டையும்விடப் பெரியது.

திருப்பிக் கட்டிய கதையிலிருந்து தொடங்குவோம். ஹோட்டல் கடலைப் பார்த்து, கேட்வேயின் பக்கம் முகம் காட்டித்தானே இருக்க வேண்டும், ஏன் நுழைவாயில் மறுபக்கம் இருந்தது என்பதுதான் இந்தக் கதைக்கு அடிப்படையான கேள்வி. இந்தக் கேள்வியே பிற்காலத்துக் கண்ணால் பார்ப்பதால் வருவது. தாஜ் ஹோட்டல் திறக்கப்பட்டது 1903 டிசம்பர் 16 அன்று. அன்றைக்கு அங்கே கேட்வே கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் 1911 டிசம்பரில் வந்து இறங்கியபோதுகூட அவர்கள் பார்த்தது ஒப்புக்கு வைத்திருந்த ஒரு மாதிரி அமைப்பைத்தான். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் விட்டெட்டின் வடிவத்துக்கு 1914இல் ஒப்புதல் கிடைத்தது. வேலை முடிந்து திறப்பு விழா நடந்தது 1924 டிசம்பர் 4 அன்று. ஹோட்டலுக்கும் கேட்வேக்கும் நடுவில் 21 ஆண்டு இடைவெளி. இல்லாத ஒரு வாயிலுக்கு முதுகு காட்டி நிற்க எந்தக் கட்டடத்தாலும் முடியாது. 1903இல் அந்த இடம், அதாவது அப்போலோ பந்தர், படகும் தோணியும் வந்து ஒதுங்கும் துறை. ஊர் இருந்தது மேற்கிலும் வடக்கிலும். விருந்தினர் வந்ததும் ஊர்ப்பக்கமிருந்துதான்.

அடுத்து கட்டடத்தின் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் நீளமான ஓர் உடல், அதன் இரு முனைகளிலிருந்தும் மேற்கு நோக்கி நீளும் இரண்டு கைகள். மேலிருந்து பார்த்தால் மேற்கே வாய் திறந்த லாட வடிவம். அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் தோட்டம். அதன் வழியாகக் குதிரை வண்டிகள் வந்து நின்று விருந்தினரை இறக்கிவிடும். அரபிக்கடல் மும்பைக்கு மேற்கே இருக்கிறது. தாஜின் எதிரே இருப்பது துறைமுகத்தின் நீர்ப்பரப்பு. பகல் ஏறியதும் வீசும் கடற்காற்று மேற்கிலிருந்து, பேக் பே பக்கமிருந்து வருகிறது. மின்விசிறியே புதுமையாக இருந்த காலத்தில், அந்தக் காற்றை இரு கைகளாலும் வாங்கி நடைவழிகளுக்குள் அனுப்பும் வடிவம் இது. கிழக்கே துறைமுகத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் நல்ல அறைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே வாசல் வைத்திருந்தால், அதிக வாடகை கொடுத்த விருந்தினரின் சன்னலுக்குக் கீழே வண்டிச் சத்தமும் குதிரைச் சாணமும்தான் இருந்திருக்கும். கடல் பார்க்கும் பக்கத்தை அறைகளுக்கும், காற்று வரும் பக்கத்தை வாசலுக்கும் கொடுத்தது தப்பிப் பிறந்த அமைப்பு இல்லை. ஹோட்டல் நடத்தத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுச் செய்த முடிவு.

அப்படியானால் கதை எங்கிருந்து முளைத்தது? பிற்காலத்தில் வாசல் துறைமுகப் பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய வண்டிப்பாதையும் தோட்டமும் இருந்த இடத்தில் இன்று நீச்சல்குளம் இருக்கிறது. இப்போது வருபவர் கேட்வே பக்கமாக நுழைந்து, மறுபக்கம் போய் நீச்சல்குளத்தையும் அதைச் சுற்றி எழும் அழகான முகப்பையும் பார்க்கிறார். பின்கட்டுக்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று தோன்றுகிறது. அந்தச் சந்தேகத்துக்குக் கண், காது, மூக்கு வைத்தால் தற்கொலைக் கதை தயார். இதே கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலும் உண்டு. அங்கே 1901இல் திறக்கப்பட்ட கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்தையும் முன்பின் மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்றும், கலைஞர் அதன் கோபுரத்திலிருந்து குதித்தார் என்றும் ஊரார் சொல்வார்கள். அதை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஜான் சிம்ப்சன், திறப்பு விழாவுக்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தார். இரண்டு கண்டங்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரண்டு கட்டடங்களுக்கு ஒரே சாவு என்றால், அது ஊர் ஊராகச் சுற்றும் கட்டுக்கதை என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். தவிர, ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை இது. பொறியாளர்கள் தினமும் தளத்தில் நின்றார்கள். முதலாளியின் வீடும் அதே ஊரில். அஸ்திவாரம் திரும்பியிருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்குத்தானே மதி வேண்டும்?

இனி, அந்தக் கதை மறைத்துவிடும் மனிதர்களைப் பார்ப்போம். தாஜை முதலில் வடிவமைத்தவர் ராவ்சாகேப் சீதாராம் கண்டேராவ் வைத்யா. அவருடன் பணியாற்றியவர் டி. என். மிர்சா. வைத்யா புதியவர் இல்லை. நீங்கள் உங்கள் குழுவை ரயிலிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து காட்டும் விக்டோரியா டெர்மினஸ், அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம், எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது, அந்த வேலையில் அவருக்கு உதவிப் பொறியாளராக நின்றவர் இதே சீதாராம் கண்டேராவ். தாஜ் பாதியில் இருக்கும்போதே, 1900இல், வைத்யா காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பொறுப்பேற்று முடித்தார். ஆக, இந்தக் கட்டடத்தின் கதையில் ஒரு சாவு உண்மையாகவே இருக்கிறது. அது அவமானத்தில் குதித்த வெள்ளைக்காரரின் சாவு இல்லை. தன் பெரும் வேலையை முடித்துப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஓர் இந்தியரின் சாவு. வைத்யாவை மறந்துவிட்டுக் கற்பனை மனிதருக்கு நாம் அனுதாபப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

கட்டுமானத்தை எடுத்துச் செய்தவர் கான்சாகேப் சோராப்ஜி ருத்தோன்ஜி கான்ட்ராக்டர். மைய மண்டபத்தில் மேலேறும் மாடிப்படியை வடிவமைத்தவரும் அவரே. அந்தப் படிக்கட்டு ஒன்றைப் பற்றியே பத்து நிமிடம் பேசலாம். குவிமாடத்துக்கு நேர் கீழே, தளம் தளமாக நாற்புறமும் நடைவழி ஓட, நடுவில் திறந்துகிடக்கும் வெளியில் படிகள் ஏறுகின்றன. அடியில் தூண் தாங்குவதாகத் தெரியாது. சுவரில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். கீழேயிருந்து சூடேறிய காற்று அந்த வெளி வழியாக மேலே எழும்ப, நடைவழிகளில் காற்றோட்டம் கிடைக்கும். அழகும் பயனும் ஒரே இடத்தில் கூடிய வேலை. சென்னை உயர் நீதிமன்றத்தைக் காட்டும்போது நம்மில் பலர் ஹென்றி இர்வினின் பெயரைச் சொல்லிவிட்டு, அதை எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரை விட்டுவிடுவோம். மும்பையில் சோராப்ஜிக்கும் அதே கதிதான். வரைபடத்தில் கையெழுத்திட்டவர் பெயர் நிலைக்கிறது. கல்லைக் கல்லாக நிறுத்தியவர் பெயர் கரைந்துபோகிறது. அதை மாற்றும் வாய்ப்பு வழிகாட்டியின் வாயில்தான் இருக்கிறது.

வெளித்தோற்றத்தைப் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. நடுவே உயர்ந்த பெரிய குவிமாடம், மூலைகளில் அதற்குத் துணை நிற்கும் சிறு குவிமாடங்கள், அடுக்கடுக்காக முன்துருத்திய சன்னல்கள், வளைவுகள், பலகணிகள். இந்தோ-சாரசெனிக் என்று நாம் பழகிய பாணிதான். சேப்பாக்கம் அரண்மனையையும் சென்னை உயர் நீதிமன்றத்தையும் பார்த்த கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. ஆனால் சென்னையின் செங்கல் சிவப்புக்குப் பதிலாக இங்கே பம்பாய்ப் பக்கத்துக் கருங்கல்லின் சாம்பல் நிறம். குஜராத்தி மர வேலைப்பாட்டை நினைவூட்டும் தாங்கிகளோடு ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஒழுங்கும் சேர்ந்திருக்கிறது. அரசாங்கக் கட்டடங்களில் இந்தப் பாணியை ஆங்கிலேயர் பயன்படுத்தியபோது, இந்த மண்ணின் பழைய அரசர்களுக்கு வாரிசு நாங்கள்தான் என்று சொல்லும் நோக்கம் அதில் இருந்தது. அதே பாணியை ஓர் இந்திய முதலாளி, இந்தியப் பொறியாளரைக் கொண்டு, தன் சொந்தப் பணத்தில் ஒரு ஹோட்டலுக்கு எடுத்துக்கொண்டார். துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு வெகுதொலைவிலிருந்தே தெரிந்தது அந்தக் குவிமாடம். கேட்வே எழும்வரை பம்பாயின் முகம் அதுதான். இதைவிடக் கம்பீரமான பதிலடியை வாட்சன்ஸ் கதையால் தர முடியுமா?

இப்போது வாட்சன்ஸ் கதைக்கு வருகிறேன். இதில் முதல் சிக்கல், கதை ஒரே இடத்தில் நிற்பதில்லை. சிலர் வாட்சன்ஸ் என்கிறார்கள். சிலர் பைக்ஸ் அப்போலோ ஹோட்டல் என்கிறார்கள். சிலர் அவர் தனியாகப் போனதாகச் சொல்கிறார்கள். சிலர் வெளிநாட்டு நண்பரோடு போனபோது நண்பரை மட்டும் வரவேற்றதாகச் சொல்கிறார்கள். நடந்த சம்பவத்துக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு சாட்சி இருக்கும். இதற்கு மூன்றும் உறுதியாக இல்லை. இரண்டாவது, அவரை நேரில் அறிந்தவர் விட்டுச்சென்ற சாட்சியம் வேறு திசையில் போகிறது. ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வின் ஆசிரியராக இருந்த லோவாட் ஃப்ரேசர் ஜாம்செட்ஜியின் நண்பர். ஹோட்டல் எண்ணம் அவர் மனதில் நெடுநாளாக இருந்தது என்றும், ஹோட்டல் முதலாளி ஆகும் ஆசை அவருக்குத் துளியும் இல்லை என்றும், இந்தியாவுக்கு ஆட்களை வரவழைப்பதும் அதன் வழியே பம்பாயை மேம்படுத்துவதுமே நோக்கம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பழிவாங்கும் வேகத்தில் கட்டியவரைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதும் எழுத்தாக இது இல்லை.

அந்த நோக்கத்தின் கனம் புரிய வேண்டுமானால், காலத்தைப் பார்க்க வேண்டும். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. மாண்ட்வி பகுதியில் தொடங்கிய நோய் நகரத்தையே கலைத்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் 8 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 1901இல் 7 லட்சத்து 76 ஆயிரமாகச் சரிந்தது. நகரத்தைச் சீரமைக்க மேம்பாட்டு அறக்கட்டளை 1898இல் தொடங்கப்பட்டது. ஹோட்டலுக்கான வேலையும் அதே காலத்தில் தொடங்கியது. பம்பாய் என்றால் கப்பல் பயணிகள் முகம் சுளித்த நாளில், உலகத்தில் எந்த ஊருக்கும் குறையாத ஒரு தங்குமிடத்தை அங்கே கட்டத் துணிந்தார் ஜாம்செட்ஜி. பங்குதாரர்களைக் கூட்டிக் கேட்கவில்லை. தன் சொந்தப் பணத்தைப் போட்டார். பெங்களூரில் அறிவியல் கழகம், இரும்பாலை என்று பேசிக்கொண்டிருந்த சகோதரர் இப்போது சத்திரம் கட்டப் போகிறாரே என்று அவருடைய சகோதரிகளே அங்கலாய்த்ததாகச் சொல்வார்கள். மின்சாதனங்களுக்கு டஸ்ஸல்டார்ஃப், சரவிளக்குகளுக்கு பெர்லின், விருந்து மண்டபத்து இரும்புத் தூண்களுக்குப் பாரிஸ் என்று ஊர் ஊராகப் போய் அவரே பொருள் வாங்கினார். மின்தூக்கி, ஐஸ் தயாரிக்கும் இயந்திரம், சலவை இயந்திரம் எல்லாம் வந்தன. பம்பாயில் மின்விளக்கு எரிந்த முதல் கட்டடங்களில் தாஜும் ஒன்று. ஹோட்டல் திறந்து ஐந்து மாதம்தான் அவர் இருந்தார். 1904 மே 19 அன்று ஜெர்மனியில் காலமானார். பெங்களூர் அறிவியல் கழகத்தையும் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவருடைய கடைசிக் காலத்துப் பெருங்கனவுகளில் அவர் உயிரோடு இருக்கும்போதே எழுந்து நின்றது தாஜ் மட்டும்.

நீங்கள் சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ‘அந்தக் காலத்தில் இந்தியரை வாசலிலேயே நிறுத்தியது உண்மைதானே? சம்பவம் நடக்காவிட்டாலும் கதை சொல்லும் உண்மை உண்மைதானே? கதையை எடுத்துவிட்டால் வெள்ளையர் செய்த இழிவையும் மறைத்துவிடுவது போல ஆகாதா?’ ஆகாது. இழிவு நடந்தது என்பதற்குச் சாட்சி அதே அப்போலோ பந்தரில் கல்லில் நிற்கிறது. கேட்வேயை ஒட்டி இருக்கும் பழைய யாட் கிளப் கட்டடத்தைக் காட்டுங்கள். ராயல் பாம்பே யாட் கிளப்பில் அன்று இந்தியருக்கு உறுப்பினர் உரிமை கிடையாது. எவ்வளவு பெரிய செல்வந்தரானாலும் அதே விதி. இந்த நிலை ஆளுநராக இருந்த வில்லிங்டனுக்கே உறுத்தியதால்தான், இரு தரப்பும் சேர்ந்து பழகும் வில்லிங்டன் கிளப் முதல் உலகப்போர்க் காலத்தில் உருவானது. அடுத்து நடந்ததையும் சொல்லுங்கள். நாடு விடுதலை அடைந்த பிறகு, 1949இல், அந்தப் பழைய யாட் கிளப் கட்டடத்துக்குள் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் குடியேறியது. டாடா அறக்கட்டளையின் ஆதரவோடு ஹோமி பாபா தொடங்கிய நிறுவனம் அது. 1962இல் கொலாபாவில் சொந்த வளாகத்துக்குப் போகும்வரை பல ஆண்டுகள் அங்கே இயங்கியது. இந்தியரை உள்ளே விடாத கூடத்தில் இந்திய இயற்பியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வாட்சன்ஸ் கதையில் நீங்கள் தேடும் நீதி இங்கே இருக்கிறது, ஆவணத்தோடு இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமான சாட்சியை வைத்து உண்மையான வழக்கை வாதாடினால், சாட்சி உடையும் நாளில் வழக்கும் தோற்கும்.

இரண்டாவது மறுப்பு தொழில் சார்ந்தது. ‘வெயிலில் நிற்கும் கூட்டத்துக்குத் தேதியும் பெயரும் சொன்னால் யார் கேட்பார்கள்? கதை வேண்டும் சார்!’ கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் உண்மைக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கேட்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேராக வந்து சேர வேண்டிய பெருஞ்சாலையைப் பணம் இல்லாமல் போடவே இல்லை. அதனால்தான் இன்றும் அந்த வாயில், வரும் சாலைக்குக் கோணலாக நிற்கிறது. அந்த இடத்தில் உண்மையிலேயே திசை பிசகி நிற்பது எதுவென்று கேட்டால், அரசாங்கம் கட்டிய கேட்வேதான். ஆனால் அதற்காக யாரும் குதித்ததாகக் கதை இல்லை. வாட்சன்ஸ் ஹோட்டலையும் விட வேண்டாம். காலா கோடா பகுதியில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் இங்கே பூட்டி எழுப்பியது. 1896 ஜூலை 7 அன்று லூமியே சகோதரர்களின் சினிமா இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். அதே ஆண்டு அங்கே தங்கிய மார்க் ட்வைன் பம்பாய்க் காக்கைகளைப் பற்றி எழுதினார். 2005இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. சினிமாவுக்கு உயிரைக் கொடுக்கும் தமிழ்க் கூட்டத்திடம், இந்தியாவில் முதல் படம் ஓடிய இடம் இது, இன்று இந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். யாரும் நகரமாட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு வேறு வகை. ‘இது பணக்காரர் தங்கும் ஹோட்டல். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிற நமக்கு இதன் வரலாறு சரியாக இருந்தால் என்ன, தப்பாக இருந்தால் என்ன?’ உள்ளே ஒரு கோப்பைத் தேநீருக்குக் கேட்கும் விலையை நினைத்தால் இந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு கட்டடம் அதில் தங்கியவர்களுக்கு மட்டும் சொந்தமாவதில்லை. முதல் உலகப்போரின்போது இதே தாஜ் 600 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாக மாறியது. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய தாக்குதலில் இங்கே ஊழியரும் விருந்தினருமாக 31 பேர் உயிரிழந்தார்கள். தப்பிக்கப் பின்வழி தெரிந்திருந்தும் விருந்தினரை வெளியேற்றிவிட்டுத்தான் போவோம் என்று நின்ற சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், தொலைபேசி இயக்குபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மேலாண்மைப் பள்ளிகள் ஆராய்ந்து பாடமாக வைத்திருக்கின்றன. மேல்தளங்கள் தீயில் எரிந்தும் குவிமாடம் விழவில்லை. பழுதுபார்த்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று பழைய கட்டடம் மறுபடி முழுமையாகத் திறக்கப்பட்டது. இதைக் கட்டியவர்களும், இதில் வேலை செய்தவர்களும், இதற்காக உயிர் கொடுத்தவர்களும் உங்கள் பேருந்தில் வரும் மக்களைப் போன்றவர்கள்தான். முதலாளியின் அவமானத்தையும் வெள்ளைக்காரரின் தற்கொலையையும் மட்டும் சொன்னால், ஹோட்டலை மறுபடியும் பெரிய மனிதர்களிடமே ஒப்படைத்துவிடுகிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: ‘ஜாம்செட்ஜியைத் தடுத்து நிறுத்தவே இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?’ முடியாது. நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று நிரூபிப்பது எவருக்கும் கடினம். ஆனால் நடந்தது என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். எங்கேயாவது ஒருமுறை ஒரு வாசற்காவலர் அவரை முறைத்திருக்கலாம்; அந்தக் காலத்தில் அது அதிசயமும் இல்லை. அந்த ஒரு முறைப்பினால்தான் தாஜ் பிறந்தது என்று சொல்வதற்கு மட்டும் நம்மிடம் எதுவும் இல்லை. அதனால் இந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், ‘ஊரில் இப்படி ஒரு பேச்சு உண்டு’ என்று ஆரம்பித்து, ‘ஆனால் அவருடைய நண்பர் எழுதியது வேறு’ என்று முடியுங்கள். கேட்பவர் இரண்டையும் எடைபோடட்டும். திருப்பிக் கட்டிய கதைக்கு இந்தச் சலுகைகூடத் தேவையில்லை. அது தேதி முன்னால் நிற்காத கதை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. குழுவைக் கேட்வே முன்னால் நிறுத்தும்போது, இந்த வாயில் வருவதற்கு 21 ஆண்டுகள் முன்பே அந்த ஹோட்டல் வந்துவிட்டது என்று தொடங்குங்கள். ஹோட்டலின் வாசல் ஏன் ஊர்ப்பக்கம் இருந்தது என்று கேட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று அவர்களையே சொல்ல வையுங்கள். மேற்கு வாசலும் தோட்டமும் இருக்கும் பழைய படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருந்து காட்டுங்கள். யாட் கிளப் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். காணொளி வெளியிடுபவர்கள், பழைய காணொளியை அழிக்க வேண்டாம். அடுத்ததில் திருத்தத்தைச் சொன்னால் போதும். எதைச் சொன்னாலும், எதை விட்டாலும், மூன்று பெயர்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா, சோராப்ஜி ருத்தோன்ஜி கான்ட்ராக்டர். தாஜ் ஹோட்டலைச் சரியான திசையில் நிறுத்தியவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்